குழாய்க்கு அனுமதி சரி, தரை யாருடையது?

கடலுக்குள் கழிவுநீர் விடும் குழாய்க்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் என்றால் எல்லோரும் தண்ணீரைப் பற்றித்தான் பேசுவார்கள். நைட்ரஜன் எவ்வளவு, கிருமி எவ்வளவு, மீன் சாகுமா, நாற்றம் வருமா. கேட்க வேண்டிய கேள்விகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் குழாய் எந்தத் தரைமேல் படுக்கப் போகிறது, அந்தத் தரைக்குச் சொந்தக்காரர் யார், அவர் என்ன வாங்கிக்கொண்டு எத்தனை வருடத்துக்கு என்ன நிபந்தனையில் விடுகிறார் என்று கேட்க அநேகமாக ஒருவரும் இருக்க மாட்டார். நான் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பியூஜெட் சவுண்ட் என்று நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் கடல்பகுதியின் கரையோரம் இருக்கிறேன். பக்கத்து ஊரில் பழைய குழாயை விட்டுவிட்டு இன்னும் ஆழத்துக்குப் புதுக் குழாய் போடத் திட்டம் வந்திருக்கிறது. அதனால் கொஞ்ச நாளாக இந்தக் காகிதங்களோடுதான் என் பொழுது போகிறது. ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இந்தப் பிரச்சினை அந்த ஊருக்கு மட்டும் உரியதல்ல.

தரைக்குச் சொந்தக்காரர் மாநில அரசு. 1889-இல் வாஷிங்டன் தனி மாநிலமானபோது எழுதிய அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவிலேயே, படகு போகக்கூடிய நீர்நிலைகளின் அடித்தரையும் கரையும் எங்களுக்குச் சொந்தம் என்று எழுதி வைத்துவிட்டார்கள். நம் பேச்சில் சொன்னால் தண்ணீருக்கடியில் கிடக்கிற புறம்போக்கு. அலை ஏறி இறங்கும் கரைப்பகுதியில் பெரும்பங்கை அப்புறம் மாநிலமே தனியாருக்கு விற்றுத் தள்ளியது, 1971-இல்தான் அந்த விற்பனையை நிறுத்தினார்கள். என்றாலும் எப்போதும் நீருக்குள்ளேயே இருக்கும் அடித்தரை பெரும்பாலும் இன்னும் பொதுச்சொத்துதான். எல்லாம் சேர்த்துச் சுமார் 26 லட்சம் ஏக்கர். அதைப் பார்த்துக்கொள்வது மாநிலத்தின் இயற்கை வளத் துறை. அந்தத் துறையின் தலைவரான பொது நில ஆணையரை நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாநிலம் முழுக்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரசுக்குச் சொந்தம் என்பதால் அரசு நினைத்தபடி செய்யலாமா என்றால், முடியாது. 1869-இல் இல்லினாய் சட்டமன்றம் சிகாகோ துறைமுகத்தையொட்டி மிச்சிகன் ஏரியின் அடித்தரையில் 1,000 ஏக்கருக்கு மேல் ஒரு ரயில்வே கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்தது. 1873-இல் அடுத்து வந்தவர்கள் அதை ரத்து செய்தார்கள். கம்பெனி விடவில்லை, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. 1892-இல் வந்த தீர்ப்பு ரத்து செய்தது சரிதான் என்றது: இந்தத் தரையை அரசு மக்களுக்காக வைத்திருக்கிறது, சாதாரணச் சொத்துபோல மொத்தமாகக் கைகழுவ முடியாது. அதாவது அரசு இங்கே வெறும் நிலச்சொந்தக்காரர் அல்ல, அறங்காவலர். கோயில் நிலத்துக்கு அறங்காவலர் எப்படிப் பதில் சொல்ல வேண்டுமோ அப்படிப் பதில் சொல்ல வேண்டியவர்.

இனி அனுமதிகள். ஒரு குழாய் போட வேண்டுமானால் சுற்றுச்சூழல் ஆய்வு, கரையோர வளர்ச்சி அனுமதி, மீன்வளத் துறை ஒப்புதல், ராணுவப் பொறியாளர் படையின் அனுமதி, கழிவுநீர் வெளியேற்ற அனுமதி, கடைசியாக இந்த நிலத்துக்கான அனுமதி. இவற்றில் பலவற்றுக்கும் சேர்த்து ஜார்ப்பா என்று ஒரே கூட்டு விண்ணப்பம் இருக்கிறது. நிலச்சொந்தக்காரரின் பங்கு அதில் 'ஈ' என்ற இணைப்புத் தாள். விண்ணப்பம், வரைபடம், அறிக்கை என்று கட்டுக்கட்டாக இருப்பதற்கு நடுவே மக்கள் சொத்து என்ற விஷயம் அந்தத் தாளில் அடங்கிவிடுகிறது. பொறியாளர் படையிடம் இதுபோன்ற வெளியேற்றுக் குழாய்களுக்கென்றே 7-ஆம் எண் தேசியப் பொது அனுமதி ஒன்று தயாராக இருக்கிறது. அதற்குள் அடங்கினால் அந்தத் திட்டத்துக்கென்று தனி அறிவிப்பும் கிடையாது, கூட்டமும் கிடையாது. ஊரைக் கூட்டிக் கேட்பது பெரும்பாலும் வெளியேற்ற அனுமதிக்குத்தான்: 30 நாள் அவகாசம், வரைவைப் படி, எழுதிக் கொடு. அதனால்தான் எல்லோரும் அங்கே போய் நிற்கிறோம், அங்கே கேட்க முடியாததையும் அங்கேயே கேட்கிறோம்.

போன கூட்டத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஆலோசனைப் பொறியாளர் படம் போட்டு விளக்கினார். கழிவுநீர் உப்பில்லாத நீர், கடல்நீரைவிட லேசானது, குழாய் நுனியில் வரிசையாக இருக்கும் துளைகள் வழியாகப் பீறிட்டு மேலே எழும்பும்போதே சுற்றியிருக்கும் நீரோடு கலந்து நீர்த்துப்போகும் என்றார். சரியான விளக்கம்தான், ஆழம் கூடினால் கலப்பதற்கு இடமும் கூடும். ஆனால் சொன்ன தோரணை என்னவோ எல்லாம் கடலில் கரைத்த பெருங்காயம், அப்புறம் என்ன கவலை என்பதுபோல இருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். வாழ்நாளெல்லாம் முக்குளித்துச் சிப்பி எடுத்தவர்.

"அந்த இடத்தில் இனிமேல் சிப்பி எடுக்க முடியுமா, முடியாதா?"

"சுகாதாரத் துறை ஒரு சுற்றளவுக்குத் தடை போடும், ஐயா."

"அப்படியானால் அந்த இடத்துக்கு யார் காசு கொடுப்பது?"

"அது இந்த அனுமதியின் வரம்புக்குள் வராது."

அவர் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்த இரவு முழுக்க அந்தக் கேள்விதான் ஓடியது, ஏனென்றால் அன்றைக்குக் கேட்கப்பட்டதிலேயே ஆகச் சரியான கேள்வி அதுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தரக்கட்டுப்பாட்டு அளவுகளைக் குழாயின் வாயிலேயே எட்ட வேண்டும் என்று சட்டம் சொல்வதில்லை, கலப்பு வட்டம் என்று ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கிறது. அதன் விளிம்பில் எட்டினால் போதும். இந்த மாநில விதிப்படி பியூஜெட் சவுண்ட் மாதிரி கழிமுக நீரில் அந்த வட்டம் துளையிலிருந்து 200 அடியோடு அங்கே உள்ள நீரின் ஆழத்தைக் கூட்டினால் வரும் தூரத்தைத் தாண்டக் கூடாது. 60 அடி ஆழத்தில் ஒரே ஒரு துளை என்று வையுங்கள். 260 அடி ஆரம். பரப்பு கிட்டத்தட்ட 5 ஏக்கர். குழாய் 1,500 அடி நீளம், இருபுறமும் சேர்த்து 20 அடி அகலப் பட்டை என்றால் முக்கால் ஏக்கர்கூட வராது. சிப்பித் தடைப் பகுதியைத் தனியாகத்தான் தீர்மானிப்பார்கள், அது இன்னும் பெரிதாகவே இருக்கலாம். நான் பார்த்த விண்ணப்ப வரைபடத்தில் நிலத்துக்கு அனுமதி கேட்டிருந்தது அந்த மெல்லிய பட்டைக்கு மட்டும். வட்டம் வேறொரு கோப்பில், வேறொரு அலுவலகத்தில், தண்ணீர் விஷயமாக மட்டும் இருந்தது. குழாய் முக்கால் ஏக்கரைக்கூட அடைக்கவில்லை என்று ஒரு பக்கம் சொல்வார்கள், அதைப்போல் ஏழு மடங்கு இடத்தில் யாரும் சிப்பி எடுக்க முடியாது என்பது இன்னொரு பக்கத்தில் இருக்கும். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டியவர் நிலச்சொந்தக்காரர்தான்.

அதுவும் எந்தச் சொந்தக்காரர்? கூயிடக் என்ற ராட்சதச் சிப்பியை இதே அடித்தரையில் எடுக்கும் உரிமையை ஏலம் விட்டுக் காசு பார்க்கிற அதே துறை. நூறு வருடத்துக்கு மேல் உயிர்வாழும் சிப்பி அது, மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்து கழுத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வணிகத்துக்கு எடுப்பது 18 அடியிலிருந்து 70 அடி ஆழத்துக்குள். குழாயை அந்த ஆழத்தில் முடித்தால் ஏலம் போகக்கூடிய தரையைத்தான் மூடுகிறோம். அதோடு 1994-இல் வந்த நீதிமன்றத் தீர்ப்பின்படி சிப்பியில் பாதிப் பங்கு, அமெரிக்க அரசோடு முன்பு ஒப்பந்தம் செய்துகொண்ட பழங்குடிகளுடையது. ஆகவே இழப்பு மாநிலக் கஜானாவுக்கு மட்டும் என்றுகூடச் சொல்ல முடியாது. இதே பியூஜெட் சவுண்டில் பிரைட்வாட்டர் கழிவுநீர் நிலையத்தின் குழாயைக் கரையிலிருந்து சுமார் ஒரு மைல் தள்ளி 600 அடி ஆழத்தில் கொண்டுபோய் முடித்திருக்கிறார்கள். செலவு கூடும், ஆனால் சிப்பிப் படுகையைத் தாண்டிப் போக வழியே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

தண்ணீர் அனுமதியே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, அந்த அனுமதி 5 வருடத்துக்குத்தான், அதன்பின் புதுப்பிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் நேரத்தோடு விண்ணப்பித்துவிட்டால் பழைய அனுமதியே தொடர்ந்து செல்லும். உதாரணத்துக்குப் பாஸ்டன் நகரின் டியர் ஐலண்ட் கழிவுநீர்க் குழாய், 9.5 மைல் நீளச் சுரங்கம், 2000 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. அருகிலுள்ள கேப் காட் தீபகற்பத்து மக்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள், அந்தப் பயத்தின் பலனாக அனுமதியில் கடல் கண்காணிப்பும் எச்சரிக்கை அளவுகளும் இடம்பெற்றன, அந்த வகையில் நல்ல முன்மாதிரி. அந்த அனுமதி 2005-இல் காலாவதியானது. அடுத்ததற்கான வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 2023-இல்!

இரண்டாவது, 2025 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ நகரம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் கொடுத்த தீர்ப்பு. கடல்நீரின் தரம் கெடாமல் பார்த்துக்கொள் என்று பொத்தாம்பொதுவாக அனுமதியில் எழுதக் கூடாது, என்ன செய்ய வேண்டும் என்று குறிப்பாக எழுத வேண்டும் என்பது அதன் சாரம். நகரத்தின் வாதத்திலும் நியாயம் இருந்தது, மற்றவர் விடுவதற்கும் சேர்த்துத் தான் பதில் சொல்ல முடியாது என்றார்கள். ஆனால் கடைசியில் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு இருந்தது, அது போய்விட்டது. அந்தத் தீர்ப்பு தூய நீர்ச் சட்டம் என்ற மத்தியச் சட்டத்தின் கீழ் தரும் வெளியேற்ற அனுமதிகளைப் பற்றியது. நிலச்சொந்தக்காரர் தன் ஒப்பந்தத்தில் என்ன எழுதுகிறார் என்பது வேறு சங்கதி.

நான் குழாய்க்கு எதிரி இல்லை, இதையும் சொல்லிவிட வேண்டும். ஊர் என்று இருந்தால் கழிவுநீர் இருக்கும், கரையோரம் ஒழுகும் பழைய கழிவுத் தொட்டிகளைவிட ஒழுங்காகச் சுத்திகரித்து ஆழத்தில் விடுவது எவ்வளவோ மேல். பொதுத் தேவைக்குப் பொது நிலத்தைத் தருவதில் தப்பே இல்லை. கலிஃபோர்னியாவில் மாநில நில ஆணையம் இப்படி நகராட்சிகளுக்குப் பல சமயம் வாடகையே வாங்காமல் குத்தகை கொடுக்கிறது, ஆனால் மாநில நலனுக்கு வேண்டும் என்று பட்டால் எப்போது வேண்டுமானாலும் வாடகை விதிப்போம் என்று ஒரு வரியையும் சேர்த்துக்கொள்கிறது. எனக்குப் பிடித்த வரி அது. கொடுப்பதைக் கொடு, ஆனால் கொடுத்தவன் யார் என்பது காகிதத்தில் இருக்கட்டும்.

இங்கேயும் சட்டமே வழி வைத்திருக்கிறது. நீரடி நிலத்தை நிர்வகிக்க இந்த மாநிலச் சட்டம் சொல்லும் நோக்கங்களில் பொதுமக்கள் பயன்பாடும் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் சிப்பி, மீன் மாதிரி புதுப்பிக்கக்கூடிய வளங்களின் பயனும் நேராகவே வருகின்றன. ஆக அந்தப் பெரியவரின் கேள்வி வரம்புக்கு வெளியே இல்லை, அந்த அறைக்குத்தான் வெளியே. பெரும்பாலும் மற்ற அனுமதிகள் கைக்கு வந்தபின்தான் நிலத்துக்கான ஒப்பந்தம் கையெழுத்தாகும், எனவே இன்னும் நேரம் இருக்கிறது.

பொது நில ஆணையர் அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தில் நான் கேட்டது இவ்வளவுதான். வரைபடத்தில் பட்டையோடு கலப்பு வட்டத்தையும் தடைப் பகுதியையும் சேர்த்து வரையுங்கள். அந்த ஏக்கரில் கூயிடக் படுகை எவ்வளவு என்று சொல்லுங்கள். தண்ணீர் அனுமதி காலாவதியாகி இழுத்துக்கொண்டே போனால் நில ஒப்பந்தத்தை மறுபடி பார்க்க ஒரு விதி வையுங்கள். 2017 பிப்ரவரியில் சியாட்டிலின் வெஸ்ட் பாயின்ட் நிலையம் உள்ளே வெள்ளம் புகுந்து முடங்கியபோது மழைநீரும் கழிவுநீருமாக 20 கோடி காலனுக்கு மேல் சவுண்டில் போனது, அப்படி ஒன்று நடந்தால் நிலத்துக்கும் சிப்பிக்கும் ஆகும் சேதத்துக்கு யார் பொறுப்பு என்று இப்போதே எழுதுங்கள்.

கடைசியாகப் பழைய குழாய். புதியது வந்தபின் அதை எடுப்பார்களா என்று திட்ட அறிக்கை முழுக்கத் தேடினேன், 'பயன்பாட்டிலிருந்து விலக்கப்படும்' என்று ஒரே வரி. விலக்கினால் அது எங்கே போகும்? அங்கேயேதான் கிடக்கும், நம் தரைமேல், வாடகையில்லாமல். அதன் பழைய ஒப்பந்தத்தில் அகற்றும் பொறுப்பு யாருக்கு என்று பார்க்க, பொது ஆவணச் சட்டத்தின்கீழ் நகல் கேட்டிருக்கிறேன். 5 வேலை நாளுக்குள் ஏதாவது ஒரு பதில் தந்தாக வேண்டும், அது பெரும்பாலும் 'இன்னும் அவகாசம் வேண்டும்' என்பதாகத்தான் இருக்கும். நகல் வந்ததும் அந்தப் பக்கத்தை இங்கே போடுகிறேன்.