மே/பா. டீக்கடை

இலவச சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், அதன் வக்கீல் பட்டியலில் ஒருவனாக (பேனல் வக்கீலாக) சேர்ந்த புதிதில் நான் செய்த ஒரு தவறு இன்னும் உறுத்துகிறது. கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்த ஒரு அம்மாவிடம், “வருமானச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்கம்மா, இலவசமா கேஸ் நடத்தலாம்” என்று சொல்லி அனுப்பினேன். சான்றிதழுக்கு முகவரி வேண்டும். முகவரி இருந்தால் அவர் ஏன் அங்கே படுக்கிறார்? அவர் திரும்பி வரவே இல்லை.

1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவை அப்புறம்தான் நிதானமாகப் படித்தேன். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோர் இலவச சட்ட உதவி பெற வருமான வரம்பே கிடையாது. 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு போன் போட்டும் கேட்கலாம். அந்த அம்மாவை நான் அலைய விட்டிருக்கவே வேண்டாம்.

போன ஐப்பசி அடைமழையில், மகாமகக் குளக்கரையில் மூடிக் கிடந்த ஒரு கடையின் படியில் ஒரு பாட்டி ஒதுங்கியிருந்தார். மடியில் மஞ்சப்பை, அதன்மேல் முந்தானை. தான் நனைந்தாலும் பை நனையக் கூடாது அவருக்கு. உள்ளே ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவரில், நாலாய் மடித்த செட்டில்மெண்ட் பத்திர நகல். மடிப்புகளில் எழுத்து தேய்ந்திருந்தது. பக்கத்து டீக்கடை பெஞ்சில் விரித்துப் படித்தேன். திருவிடைமருதூர் பக்கம் ஓர் ஓட்டு வீடும் கொல்லையும், 2016இல் மகனுக்கு எழுதிக் கொடுத்தது. மூன்றாம் பக்கத்தில், பாட்டியின் ஆயுள் உள்ளவரை மகன் சோறும் துணியும் வைத்தியமும் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி.

“இந்த வரி போதும் பாட்டி” என்றேன்.

“அவன ஸ்டேஷனுக்கு இழுத்துடமாட்டீங்களே தம்பி?”

2007ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கிறோம், போலீஸுக்குப் போகவில்லை என்று விளக்கினேன். பராமரிக்கும் நிபந்தனையோடு சொத்தை வாங்கிவிட்டுக் கைவிட்டால், 23ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யலாம். ரத்து கேட்பதுதான் பாதுகாப்பு என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். பாட்டி கேட்கவில்லை. கொல்லைப் பக்கத்து அறையும் சோறும் கிடைத்தால் போதுமாம். சரி, மனு அவருடையது. பராமரிப்பு மட்டும் கேட்டு எழுதினேன்.

‘மனுதாரர் முகவரி’ என்ற இடத்தில் பேனா நின்றது. வீடில்லாதவர் வழக்கில் நான் முதலில் தேட வேண்டியிருப்பது, தபால் வந்து சேர ஓர் இடம். அறிவிப்பு கைக்கு வராமல் விசாரணைத் தேதி போய்விட்டால் மனுவே தள்ளுபடி ஆகலாம்.

டீ ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரர், “நம்ம கடையப் போடுங்க சார்” என்றார். ‘மே/பா’ (மேற்பார்வை) போட்டு எழுதினேன். தபால்காரரிடமும் அவரே சொல்லி வைத்தார்.

அப்புறம் தினமும் காலையில் பாட்டி கடைக்கு வந்து, “கடுதாசி வந்துச்சா?” என்று கேட்டிருக்கிறார். கார்த்திகையில் வந்தது. பிரிக்காமலே என்னிடம் கொண்டுவந்து, “இதுல எம்பேரு எது?” என்றார். விரல் வைத்துக் காட்டினேன். தேதியை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, அந்த உறையையும் பத்திரத்தோடு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு மடித்தார்.