ஜவ்வரிசிக் கட்டுரையும் பத்தியின் முதல் வாக்கியமும்

சேலம் பக்கத்துக் கல்லூரிகளில் பொருளியலோ வணிகவியலோ படித்தால், ஜவ்வரிசித் தொழில் பற்றி ஒரு கட்டுரையாவது எழுத வேண்டியிருக்கும். அவற்றைத் திருத்த எடுத்தால் பல பத்திகள் இப்படித்தான் தொடங்கும்: “சேலம் மாவட்டத்தில் ஜவ்வரிசி ஆலைகள் ஏராளமாக உள்ளன.” தப்பில்லாத வாக்கியம்தான். ஆனால் படிப்பவர் “சரி, அதுக்கென்ன?” என்று நகர்ந்துவிடுவார். “ஏன்?”, “எப்படி?” என்று அவரைக் கேட்க வைப்பதுதான் தலைப்பு வாக்கியம். மீதிப் பத்தி அந்தக் கேள்விக்குப் பதில்.

இதை முதலிலேயே எழுத உட்கார்ந்தால் பொத்தாம்பொதுவாகத்தான் வரும். குறிப்புகளைப் பரப்பி வைத்து, எவையெல்லாம் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன என்று பார்த்த பிறகு எழுதுங்கள். ஒரு மாதிரி. கையில் நான்கு குறிப்புகள்: ஜவ்வரிசிக்கு மூலப்பொருளான மரவள்ளிக் கிழங்கு பறித்த இரண்டு மூன்று நாளில் கெடத் தொடங்கும்; கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்று ‘பாயிண்ட்’ கணக்கில் அளந்து பார்த்து விலை போடுவார்கள்; பாயிண்ட் பார்ப்பது பெரும்பாலும் ஆலையில்தான்; 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. முதல் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் வாக்கியம் தானாக வருகிறது: “பறித்த கிழங்கை வைத்திருந்து விற்க முடியாததால், விலை பேசும்போது விவசாயியின் கை தாழ்ந்தே இருக்கிறது.” நான்காவது குறிப்பு இதில் ஒட்டாது. சேகோசர்வ், ஆலைகளில் தயாராகும் ஜவ்வரிசியையும் ஸ்டார்ச்சையும் விற்றுத்தரும் அமைப்பு. கிழங்கு பேரம் வேறு கதை. தேடி எடுத்த தகவலை விட மனசு வராது என்பது உண்மைதான். விற்பனை பற்றிய பத்திக்குத் தள்ளிவிடுங்கள், அங்கே அது உதவும்.

அளவு தவறுவதும் உண்டு. “ஜவ்வரிசித் தொழில் பல சிக்கல்களைச் சந்திக்கிறது” என்று தொடங்கினால் ஒரு புத்தகமே எழுத வேண்டும். 120 முதல் 150 சொல் பத்தி தாங்காது. ஏற்காடு காப்பி பற்றிய கட்டுரையில் “காப்பியைக் கொண்டுவந்தவர் சேலம் கலெக்டர் காக்பர்ன்” என்று தொடங்கினால் அந்த வரியோடு விஷயம் முடிந்துபோகும். அடுத்து எழுத ஒன்றும் இல்லாமல்தான் சில்வர் ஓக், மிளகுக்கொடி, படகுத்துறை என்று பத்தி மலையேறிவிடுகிறது. புள்ளிவிவரம், மேற்கோள், திருக்குறள் எதையும் முதல் வாக்கியமாக வைக்காதீர்கள். அவை சான்றுகள், சொல்ல வந்ததைச் சொன்ன பிறகு வரட்டும். “இன்றைய நவீன உலகில்” என்பதைக் கண்ட இடத்தில் அடித்துவிடலாம், ஒன்றும் குறையாது.

தமிழில் எழுதுவோருக்குத் தனியாக ஒரு தொல்லை இருக்கிறது. வினைமுற்று கடைசியில் வருவதால், “விலை குறைந்துள்ளதாலும், மழை பொய்த்ததாலும், கூலி உயர்ந்துள்ள நிலையிலும்…” என்று அடுக்கிக்கொண்டே போனால், சொல்ல வந்தது நாற்பதாவது சொல்லில்தான் தெரியும். அதற்குள் முதல் காரணம் மறந்திருக்கும். ஒரே ஒரு காரணம், ஒரு முடிவு, 12 முதல் 15 சொல். மற்றக் காரணங்கள் இரண்டாம் வாக்கியத்துக்குப் போகட்டும்.

அடுத்த பத்திக்குத் தாவும்போது ‘மேலும்’ போடுவது கைப்பழக்கம். இன்னொன்று வருகிறது என்பதைத் தவிர அது ஒன்றும் சொல்வதில்லை. முந்தைய பத்தியிலிருந்து ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். கிழங்கை உடனே விற்றாக வேண்டிய அவசரம் பற்றிய பத்திக்கு அடுத்தது இப்படி வரலாம்: “இந்த அவசரம் விவசாயிக்கு மட்டுமல்ல, ஜவ்வரிசியைக் களத்தில் வெயிலில் காயவைக்கும் ஆலைக்கும் மழைக்காலத்தில் இதே நெருக்கடிதான்.” உறவும் புரிகிறது, புதிய விஷயமும் தொடங்கிவிடுகிறது.

எழுதி முடித்ததும் முதல் வாக்கியங்களை மட்டும் தனித்தாளில் வரிசையாக எழுதுங்கள். 1,500 சொல் கட்டுரையில் பத்துப் பன்னிரண்டு வரி வரும். அதை மட்டும் படித்தாலே வாதம் புரிய வேண்டும். இரண்டு வரிகளை இடம் மாற்றியும் எதுவும் கெடவில்லை என்றால், அங்கே வாதம் நகரவில்லை, பட்டியல்தான் போட்டிருக்கிறீர்கள். இரண்டு வரி ஒன்றையே சொன்னால் பத்திகளைச் சேர்த்துவிடுங்கள்.

ஆய்வு முறை பற்றிய பத்திக்கு இவ்வளவு பாடு வேண்டாம். ஆத்தூர்ப் பக்கம் எந்தக் கிராமத்தில், எந்த மாதம், யாரிடம் கேட்டீர்கள் என்பதை முதல் வாக்கியம் நேராகச் சொன்னால் போதும்.