நொண்டி நடந்த ரோபோதான் எனக்குப் பெரிசு

ரோபோவுக்குத் தன்னுணர்வு வருமா என்று பேச்சு எடுத்தாலே யாராவது அந்த நாவோ ரோபோ வீடியோவை அனுப்பிவிடுகிறார்கள். 2015-இல் அமெரிக்காவின் ரென்சலேர் பாலிடெக்னிக்கில் செல்மர் பிரிங்ஸ்யோர்டின் குழு செய்தது. மூன்று குட்டி ரோபோக்கள். உங்களில் இரண்டு பேருக்கு வாயடைக்கும் மாத்திரை கொடுத்தாயிற்று, ஒருவருக்கு மட்டும் வெறும் மாத்திரை, யாருக்கு எது என்று கேட்கிறார்கள் (மாத்திரையெல்லாம் கிடையாது, தலையில் ஒரு பொத்தானைத் தட்டினால் பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான்). இரண்டு சும்மா இருக்க, மூன்றாவது எழுந்து "எனக்குத் தெரியாது" என்கிறது. அந்தக் குரல் தன்னுடையதுதான் என்று பிடிபட்டதும், மன்னிக்கவும், இப்போது தெரிந்துவிட்டது, எனக்கு அந்த மாத்திரை கொடுக்கவில்லை என்று திருத்திக்கொள்கிறது.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே நடப்பது ஒரு தர்க்கப் புதிர்: பேசினால் மாத்திரை இல்லை, பேசியது நான், ஆகவே எனக்கு மாத்திரை இல்லை. பிரிங்ஸ்யோர்டே இயந்திரத்துக்கு நிஜமான உணர்வு வரும் என்று நம்புகிற ஆள் இல்லை. வீடியோவைப் பரப்புகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

எனக்கு இதைவிடப் பெரிசாகத் தெரிவது 2006-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜாஷ் போங்கார்ட், விக்டர் சைகோவ், ஹாட் லிப்சன் மூவரும் செய்த நாலுகால் ரோபோ. நட்சத்திர மீன் மாதிரி பரப்பிக்கொண்டு கிடக்கும், பேசாது. தன்னிடம் என்னென்ன பாகம் இருக்கிறது என்று அதற்குத் தெரியும், எது எதோடு ஒட்டியிருக்கிறது என்பது தெரியாது. அதனால் உடம்பைக் கொஞ்சம் அசைக்கும், எந்தப் பக்கம் சாய்ந்தோம் என்று பார்க்கும், 'நான் இப்படி இருக்கலாம், அல்லது இப்படி' என்று பல ஊகங்களை வைத்துக்கொண்டு, எந்த அசைவைச் செய்தால் அந்த ஊகங்களுக்குள் சண்டை அதிகமாக வருமோ அதையே அடுத்துச் செய்து பொய்யானவற்றைக் கழித்துவிடும். மிஞ்சிய ஊகத்தை வைத்து நடக்கக் கற்றுக்கொள்ளும். அப்புறம் ஒரு காலின் நுனியைக் கழற்றினார்கள். தன் உடம்பைப் பற்றிய கணக்கைத் திரும்பப் போட்டு, புது மாதிரி நொண்டி நடந்தது.

இதில் யாரும் அதற்கு 'நான்' என்று சொல்லிக்கொடுக்கவில்லை. தன்னைப் பற்றித் தானே ஊகித்து, ஊகம் தப்பாகி, மாற்றிக்கொள்கிறது.

லிப்சன் பிறகு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவரும் குழுவினரும் 2022-இல் ஐந்து கேமராக்களுக்கு நடுவே ஒரு ரோபோக் கையை மூன்று மணி நேரம் போல நெளியவிட்டார்கள். கடைசியில், காற்றில் எந்தப் புள்ளியைக் காட்டிக் கேட்டாலும் அங்கே தன் உடம்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் அளவுக்கு அது கற்றுக்கொண்டது. தன்னுணர்வின் ஆரம்பம் இதுதான், மீதியெல்லாம் அளவில்தான் வித்தியாசம் என்பது லிப்சன் கட்சி. நான் பாதி தூரம்தான் அவரோடு வருவேன்.

ஏனென்றால், கை வெட்டப்பட்ட மனிதர்கள் பலருக்கு இல்லாத கை வலிக்கிறது. மூளைக்குள் இருக்கும் உடம்பு வரைபடம் போன கையை விடமாட்டேன் என்கிறது. நரம்பியல் விஞ்ஞானி வி.எஸ். ராமச்சந்திரன் ஒரு பெட்டிக்குள் கண்ணாடி வைத்து, மிஞ்சிய கையின் பிம்பத்தைக் காட்டி மூளையை ஏமாற்றித்தான் சிலருக்கு அந்த வலியைக் குறைக்க முடிந்தது. வரைபடம் நமக்கும் இருக்கிறது, அந்த ரோபோவுக்கும் இருக்கிறது, சொல்லப்போனால் அது நம்மைவிட நேர்த்தியாகத் திருத்திக்கொண்டது. ஆனால் கால் போனதில் அதற்கு ஒரு நஷ்டமும் இல்லை. நடக்கவேண்டும் என்பதே நாம் வைத்த இலக்கு, அது எட்டவில்லை, வேறு வழி பார்த்தது, சரி.

நாள் முழுக்க 'நான் நினைக்கிறேன்' என்று எழுதும் சாட்பாட்டுகளைப் பார்த்து, தன்னுணர்வு வந்துவிட்டதோ என்ற சந்தேகமே எனக்கு வருவதில்லை, மனிதர்கள் எழுதிக் குவித்ததைப் படித்த எதுவும் அப்படித்தான் பேசும். யாரும் நிரல் எழுதி வைக்காமல், ஒரு தடவை காலைக் கழற்றிய ஆள் ஸ்க்ரூ டிரைவரோடு திரும்ப வரும்போது அந்தக் காலை மட்டும் உள்ளே இழுத்துக்கொள்ளும் ரோபோ ஒன்று வரட்டும், அப்போது லிப்சனோடு மீதி தூரமும் நடக்கிறேன்.