வாசலுக்கு வந்த 5ஜி கம்பமும் சிட்டி ஹால் அலைச்சலும்

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்குத்தான் இது. வீட்டு வாசல் தெருவிளக்கில் 5ஜி ஸ்மால் செல், அதாவது சின்ன செல்போன் ஆன்டெனா, வைக்கப் போகிறோம் என்று நோட்டீஸ் வந்தால், முதலில் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். எங்களுக்கு வந்த கடிதத்தில் ஆட்சேபம் சொல்வதற்கான கெடு அங்கேதான் பொடி எழுத்தில் ஒளிந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ விளம்பரம் என்று பிரிக்காமலே குப்பையில் போட்டுவிட்டார்.

கம்பம் சரியாக எங்கள் மாடிப் படுக்கையறை ஜன்னலுக்கு எதிரே. உச்சியில் ஆன்டெனா உருளை, நடுவில் சூட்கேஸ் அளவில் ரேடியோ பெட்டிகள் என்று படம் போட்டிருந்தார்கள். எனக்கு 5ஜி மேல் எந்த விரோதமும் இல்லை. நாற்பதடி தள்ளி, பார்க் சுவரை ஒட்டி இன்னொரு விளக்குக் கம்பம் சும்மா நிற்கும்போது இது ஏன் என்பதுதான் கேள்வி.

பெர்மிட் கவுண்டரில் இருந்தவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இது ஃபெடரல் சட்டம். எங்கள் கையில் ஒன்றும் இல்லை." சரி, விண்ணப்பக் கோப்பையாவது காட்டுங்கள் என்றேன். ஆன்லைனில் ரெக்கார்ட்ஸ் ரிக்வெஸ்ட் போடச் சொன்னார். அதற்குப் பதில் சொல்ல அவர்களுக்குப் 10 நாள் அவகாசம் உண்டு. ஆட்சேபக் கெடுவோ அதற்கு முன்பே முடிகிறது. இதைச் சொன்னதற்கு ஒரு தோள் குலுக்கல், அவ்வளவுதான்.

அடுத்த வீண் பயணம் கவுன்சில் கூட்டம். போனில் கேட்டபோது "வாருங்கள், பேசலாம்" என்றார்கள். தெருவில் நாலு வீட்டாரைத் திரட்டிக்கொண்டு போய் ஒன்பது மணி தாண்டும்வரை உட்கார்ந்திருந்தோம். ஆளுக்கு ஒரு நிமிடம் கிடைத்தது. மேயர் "நன்றி, அடுத்தவர்" என்றார். அஜெண்டாவில் இல்லாத விஷயத்தைக் கவுன்சில் விவாதிக்கவோ முடிவெடுக்கவோ கூடாது என்பது பிரவுன் சட்டம், கலிஃபோர்னியாவில் உள்ளூர் மன்றக் கூட்டங்களுக்கான சட்டம். அதை அந்த போனிலேயே சொல்லியிருக்கலாம்.

அன்று எதிர் வீட்டுப் பாட்டி புற்றுநோய் பயம் பற்றிப் பேசினார். நகர வழக்கறிஞரின் முகம் சட்டென்று மாறியது. 1996 தொலைத்தொடர்புச் சட்டப்படி, கதிர்வீச்சு எஃப்சிசி (ஃபெடரல் தொலைத்தொடர்பு ஆணையம்) வரம்புக்குள் இருந்தால், அதைக் காரணம் காட்டி எந்த நகரமும் அனுமதி மறுக்கக் கூடாது. உங்கள் மனுவில் அது முதல் வரியாக இருந்தால், நாளை நகரம் மறுத்தாலும் செல்போன் கம்பெனி அந்த வரியைத்தான் கோர்ட்டில் காட்டும். பயம் நியாயமாகவே இருக்கட்டும், மனுவில் மட்டும் வேண்டாம்.

பிறகு இரவில் உட்கார்ந்து படித்தபோதுதான் சுவாரசியம். இந்த விஷயத்தில் மேயர்களே வாஷிங்டன் மேல் கடுப்பில் இருக்கிறார்கள். 2018-இல் எஃப்சிசி போட்ட உத்தரவு, ஏற்கெனவே இருக்கும் கம்பத்துக்கு 60 நாள், புதுக் கம்பத்துக்கு 90 நாளில் நகரம் முடிவு சொல்ல வேண்டும் என்றது. நகரம் கம்பெனியிடம் வாங்கும் ஆண்டுக் கட்டணம் ஒரு ஸ்மால் செல்லுக்கு 270 டாலர்வரை நியாயம், அதற்கு மேல் கேட்டால் செலவுக் கணக்கு காட்டு என்றது. அதற்கு முன்பே, அந்த ஆண்டு ஜனவரியில், சான் ஹோசே மேயர் சாம் லிக்கார்டோ எஃப்சிசியின் பிராட்பேண்ட் ஆலோசனைக் குழுவில் கம்பெனிகள் கைதான் ஓங்கியிருக்கிறது என்று விலகியிருந்தார். போர்ட்லாந்து உள்ளிட்ட நகரங்கள் வழக்குப் போட்டன. 2020-இல் ஒன்பதாம் சர்க்யூட் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கெடுவையும் கட்டணத்தையும் அப்படியே விட்டது. ஆனால் தோற்றம் பற்றிய நகர விதிகளுக்கு எஃப்சிசி போட்டிருந்த கட்டுகளில் சிலவற்றை ரத்து செய்தது.

எங்களுக்கு அந்தச் சந்து போதும். எங்கள் நகரத்தின் வடிவமைப்பு விதிகளில், வேறு கம்பம் கிடைக்கும் இடத்தில் படுக்கையறை ஜன்னலுக்கு நேரே வைக்கக் கூடாது என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்! கவுண்டர்காரர் அதைப் பார்த்ததே இல்லை போலும். இன்னொன்றும் கிடைத்தது. ஃபெடரல் அரசிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று கவுன்சில் வருடா வருடம் நிறைவேற்றும் கொள்கை அறிக்கை. சாலை நிதி, பஸ் நிதிக்கு அடுத்தபடியாக, "தெருக் கம்பங்கள் மீதான உள்ளூர் அதிகாரத்தை ஃபெடரல் அரசு பறிக்கக் கூடாது" என்ற பொருளில் ஒரு பத்தி. வாஷிங்டனில் போய் அதிகாரம் வேண்டும் என்று கேட்கிறவர்கள், கையில் மிச்சமிருக்கும் அதிகாரத்தைக் கவுண்டரில் பயன்படுத்த மாட்டார்களாம்.

ஆட்சேபமாகப் போட்ட மேல்முறையீட்டில் அந்த விதி எண்ணையும் இந்தப் பத்தியையும் அடுத்தடுத்து ஒட்டினேன். இரண்டு கம்பங்களின் போட்டோ, இடைவெளி அளவு. கதிர்வீச்சு பற்றி ஒரு சொல் இல்லை. ஒரு காப்பி கவுன்சிலரின் உதவியாளருக்கு. அதுதான் வேலை செய்தது. மறுநாளே அவர் போன் செய்தார். அப்புறம் ஒரு பொறியாளர் டேப்போடு வந்து அளந்து, "பார்க் கம்பமே தாங்கும்" என்றார். நகரம் முடிவு சொல்ல வேண்டிய கெடு ஓடுகிறதே என்று கேட்டேன். நகரமும் கம்பெனியும் ஒப்புக்கொண்டால் நீட்டிக்கலாமாம். கம்பெனியும் முரண்டு பிடிக்காமல் கையெழுத்துப் போட்டது.

நிறுவிய பிறகு கதிர்வீச்சு அளவீட்டு அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். அனுமதியை எதிர்க்கத்தான் அது உதவாது, கேட்டு வாங்கத் தடையில்லை. பாட்டிக்கு ஒரு காப்பி கொடுத்தேன்.

மேல்முறையீட்டுக் கட்டணம் மட்டும் திரும்பி வரவில்லை. கம்பம் மாறியது சமரசத்தினாலாம், தீர்ப்பினால் இல்லையாம்.