அமலைக் கழற்றி மிக்குனி மாட்டினால் பெட்ரோல் குழாயை என்ன செய்வது?

அமல் மோனோபிளாக் கார்புரேட்டர் தேய்ந்துபோன பழைய புல்லட்டுக்கு மிக்குனி விஎம் கார்புரேட்டர் வாங்கிவிடுகிறார்கள், அப்புறம்தான் பெட்ரோல் லைன் சேரவில்லை என்று தலையைச் சொறிகிறார்கள். மோனோபிளாக்குக்கு பெட்ரோல் பான்ஜோ போல்ட் (நடுவில் துளையிட்ட போல்ட்) வழியாகப் போகும், விஎம்மில் ஹோஸைச் சொருகுகிற பித்தளை மூக்கு மட்டும்தான்.

டேங்க் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பின் கீழ்முனை பெரும்பாலும் கால் அங்குல பிஎஸ்பி (பிரிட்டிஷ் பைப் அளவு) மரை. வெளிவிட்டம் சுமார் 13.2 மிமீ, அங்குலத்துக்கு 19 மரை. எம்14 (14 மிமீ மெட்ரிக்) நட்டு கையில் கிடைக்கிறதே என்று திருகாதீர்கள், ஒன்றிரண்டு சுற்று பிடிப்பது போலத்தான் இருக்கும், பிறகு மரையைத் தின்றுவிடும். சென்னை மண்ணடி ஹார்டுவேர் கடைகளில் பிஎஸ்பி என்று அழுத்திச் சொல்லி, ஹோஸ் மூக்கு வைத்த பித்தளை யூனியன் (இணைப்பு நட்டு) கேளுங்கள். கிடைக்கவில்லையா, பழைய யூனியன் நட்டைக் கொடுத்தால் தண்டையார்பேட்டைப் பக்கம் லேத்தில் மூக்கை மட்டும் கடைந்து தருவார்கள். மூக்கு 6 மிமீ இருந்தால் கால் அங்குல ஹோஸ் கிளிப்போடு சரியாக உட்காரும்.

மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப் வேண்டவே வேண்டாம்! அதன் துணுக்கு ஒன்று போதும், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகும் சிறு துளையான ஜெட் அடைத்துவிடும். பெட்ரோலில் இப்போது எத்தனால் கலப்பதால் சாதா பிளாஸ்டிக் டியூப் சீக்கிரம் விறைத்து வெடிப்பு விடும், எத்தனால் தாங்கும் ரப்பர் ஹோஸ்தான் என் கட்சி.

இதில் பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாகத்தான் இறங்க வேண்டும். ஹோஸ் எங்கேயும் மேலே ஏறி வளையாமல், சிலிண்டரைச் சுற்றியுள்ள சூடான பிளேடுகளைத் (ஃபின்) தொடாமல் கீழ்நோக்கியே போகட்டும்.