மரைக்கு எண்ணெய் விட்டு டார்க் வைக்கலாமா?

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் துருவைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் நின்றாலே சைலன்சர் போல்ட் ஸ்பானருக்கு மசியாது. அதனால் இங்கே பல பட்டறைகளில் போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது மரையில் (திருகு வரிகளில்) ஒரு சொட்டு எண்ணெய் விடுவது கை தானாகச் செய்கிற வேலை. "அடுத்த தபா கழட்ட ஈஸியா இருக்கும்ணா" என்பார்கள். உண்மைதான். ஆனால் டார்க் ரெஞ்சில் (வைத்த முறுக்கு வந்ததும் 'டக்' என்று சொல்லும் ஸ்பானர்) கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும் அளவை வைத்துக்கொண்டு அதே எண்ணெயை விடும்போதுதான் வம்பு.

டார்க் ரெஞ்ச் அளப்பது நாம் திருகும் முறுக்கை. நமக்கு வேண்டியது அதுவல்ல, போல்ட் ரப்பர் மாதிரி கொஞ்சம் நீண்டு இரண்டு பாகங்களையும் இழுத்துப் பிடிக்கிற விசை. கொடுக்கிற முறுக்கில் சுமார் பாதி போல்ட் தலைக்கு அடியில் உரசியே போய்விடுகிறது, இன்னொரு 40 சதவீதம் மரையில் போகிறது, இழுவைக்கு மிஞ்சுவது வெறும் 10 சதவீதம். உரசலைக் கொஞ்சம் குறைத்தாலும் அந்தப் பத்து சட்டென்று எகிறிவிடும்.

கணக்கு வேண்டுமானால், எம்10 அளவு (10 மி.மீ. தடிமன்), 8.8 கிரேடு (வலிமைத் தரம்) போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த மரையில் 50 நியூட்டன் மீட்டர் வைத்தால் ஏறக்குறைய 25 கிலோநியூட்டன் இழுவை வரும், நல்ல அளவு. எண்ணெய் விட்டு அதே 50 வைத்தால் 33 வரை ஏறும். அந்த போல்ட் நிரந்தரமாக நீளாமல் தாங்கும் வரம்பே 33.7தான். மாலிப்டினம் கிரீஸ் தடவினால் 40ஐத் தாண்டும், அதற்குள் போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடும். ரெஞ்ச் என்னவோ வழக்கம்போல 'டக்' என்றுதான் சொல்லும்.

எண்ணெய் விட்டால் நட் கழன்றுகொள்ளும் என்று பயப்படுகிறார்கள். நான் முதலில் பயப்படுவது ஸ்டட் (தலையில்லாத போல்ட்) நீண்டு ஒடிவதற்கும், அலுமினிய எஞ்சினில் மரை உருவிக்கொண்டு வருவதற்கும்தான்.

அப்போ எப்போதும் உலர்வாகவா? இல்லை. எஞ்சின் ஹெட் போல்ட்டுக்குப் பல கம்பெனிகள் மரையிலும் தலைக்கு அடியிலும் எஞ்சின் ஆயில் தடவச் சொல்கின்றன, அங்கே உலர்வாக வைத்தால் பிடிப்பு குறைந்து கேஸ்கெட் போகும். கார் வீல் நட்டுக்குப் பெரும்பாலும் உலர்வு. லாரிக்கு மாடலைப் பொறுத்து மாறும், சிலவற்றில் எண்ணெய் கட்டாயம், அதனால் மணலி கன்டெய்னர் வண்டிக்காரர் சொன்னதைக் கேட்டு உங்கள் காருக்குச் செய்யாதீர்கள். இன்னொன்று, மரை ஒட்டும் பசையும் ஈரமாக இருக்கும்போது எண்ணெய் மாதிரியே வழுக்கலாம், இதைப் பலர் கவனிப்பதில்லை.

எண்ணெய் விட்டால் டார்க்கில் கால்வாசி குறைத்துக்கொள் என்று ஒரு கணக்கு சுற்றுகிறது. கேட் கீலுக்கு, தண்ணி மோட்டார் ஸ்டாண்டுக்குச் சரி. பிரேக், சக்கரம், எஞ்சின் என்று வந்தால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, எந்த எண்ணெய், எவ்வளவு என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும்.

துருவுக்கு என்ன வழி என்றால், வயர் பிரஷால் மரையைச் சுத்தமாகத் தேய்த்துத் துடையுங்கள், மோசமாகியிருந்தால் நட்டையோ ஸ்டட்டையோ மாற்றிவிடுங்கள், பெரிய செலவு இல்லை. சக்கரம் ஹப்போடு ஒட்டிக்கொள்கிறது என்றால் ஹப்பின் நடு வளையத்தில் மட்டும் மெல்லிசாக கிரீஸ், ஸ்டட்டில் படாமல்.