சாகத் தெரியாத சர்வர்

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், வாடிக்கையாளர்களின் வங்கிக் கணக்கிலிருந்து மாதத் தவணையைப் பிடிக்கும் புரோகிராம் என் பொறுப்பில் இருந்தது. இரண்டு சர்வர்கள். ஒன்று ஓடும், மற்றது காத்திருக்கும். ஒருநாள் ராத்திரி இரண்டுக்கும் நடுவே நெட்வொர்க் அறுந்தது. முதல் சர்வர் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, காத்திருந்தது வேலையை எடுத்துக்கொண்டது. ஆனால் முதலாவது சாகவில்லை. வங்கிக்குப் போகும் வழி அதற்குத் திறந்தேதான் இருந்தது.

காலையில் லாக்கை, அதாவது சர்வர் செய்ததெல்லாம் வரிவரியாகப் பதிவாகும் கோப்பைத் திறந்தால், ஒரே தவணை எண், ஒரே தொகை, இரண்டு சர்வர் பெயர்கள். பக்கம் பக்கமாக அப்படியே. "மாசக் கடைசிங்க, பால்காரருக்குக் குடுக்கக்கூட கணக்குல இல்ல" என்று ஒரு அம்மா போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

நான் விலங்கியல் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன். அன்று கல்லூரியில் படித்த ஒரு புழு ஞாபகத்துக்கு வந்தது. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ், ஒரு மில்லிமீட்டர் நீளம். அது வளரும்போது 1,090 உடல் செல்கள் உருவாகின்றன. அவற்றில் 131 செல்கள் குறித்த நேரத்தில் தாமாகவே செத்துப்போகின்றன. இதைத் துருவி ஆராய்ந்த பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் 2002-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் உடலிலும் பல செல்களுக்கு, 'நீ இரு' என்ற சமிக்ஞை அக்கம்பக்கத்திலிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றால், செல் தன்னைத் தானே முடித்துக்கொள்ளும்.

நாங்கள் கட்டியிருந்தது நேர் தலைகீழ். யாராவது நிறுத்தும்வரை ஓடு என்று எழுதியிருந்தோம்.

மாற்றி எழுதினேன். ஓடும் சர்வர், தொடர்ந்து ஓடுவதற்கான அனுமதியைப் பத்து நொடிக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். முடியாவிட்டால் தானே நின்றுவிட வேண்டும். "நல்லா ஓடுற சர்வரை நாமளே ஏன் சாகடிக்கணும்?" என்று மேலாளர் கேட்டார். பணம் பத்து நிமிடம் தாமதமாகப் போனால் யாருக்கும் கஷ்டமில்லை சார், இரண்டு தடவை போனால்தான் கஷ்டம் என்றேன்.

அது மட்டும் போதவில்லை. புரோகிராம் சில நொடி உறைந்துபோய், நேரம் கடந்தது தெரியாமலேயே விழித்து வேலையைத் தொடரலாம். உடலும் செல்லின் நல்ல புத்தியை மட்டும் நம்பி இருப்பதில்லை. கெட்டுப்போன செல்களைத் தேடிக் கொல்லவே ரத்தத்தில் செல்கள் சுற்றுகின்றன. அதனால் ஒவ்வொரு அனுமதிக்கும் ஏறுவரிசையில் ஒரு எண் கொடுத்தோம். வங்கிக்குப் போகும் வாசலில், பழைய எண்ணோடு வருவது எதுவானாலும் திருப்பி அனுப்பப்படும்.

அப்புறம், எப்படிச் சாவது என்பது. அடிபட்டுச் சாகும் செல் வெடித்து, உள்ளே இருப்பதைக் கொட்டிச் சுற்றிலும் வீக்கத்தை உண்டாக்கும். தானாகச் சாகும் செல் தன்னைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி வைக்கும். விழுங்கும் செல்கள் வந்து எடுத்துக்கொள்ளும். எனக்கு அதிக நாள் பிடித்தது இந்தப் பொட்டலம் கட்டும் வேலைதான்.

சில மாதம் கழித்து மறுபடி நெட்வொர்க் அறுந்தது. காலையில் லாக்கில் கடைசி வரி: "அனுமதி புதுப்பிக்கவில்லை. தொடாத தவணைகள் 212, திருப்பி வைத்தாயிற்று. நிற்கிறேன்." மற்ற சர்வரின் லாக் அந்த 212-இல் தொடங்கியிருந்தது.